விம்கோ நகர் ஸ்டேஷனும் பத்து ரூபாய் லைட்டரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

சென்னை மெட்ரோவில ப்ளூ லைன் ஏறி வடக்கே கடைசி வரைக்கும் போயிருக்கீங்களா? திருவொற்றியூர் தாண்டினதும் வர்ற பேரு விம்கோ நகர். தினமும் அந்த அறிவிப்பைக் கேட்கிறவங்களுக்குக்கூட 'விம்கோ'ன்னா யாரு, என்னன்னு தெரியாது. யாரோ ஒரு தலைவர் பேருன்னு நினைச்சுக்கிட்டிருந்த ஒரு ஃப்ரெண்ட் எனக்கு உண்டு.

விம்கோங்கறது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. தீப்பெட்டிக் கம்பெனி. பேர்ல இந்தியா இருக்கு. முதலாளி ஸ்வீடன்காரங்க.

இதை ஏன் இன்னைக்கு எடுக்கிறேன்னா, போன வாரம் ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "ஆன்லைன்ல எது வாங்கினாலும் கன்ட்ரி ஆஃப் ஆரிஜின் பார்த்து, முடிஞ்சா இந்தியாவுல செஞ்சதா பார்த்து வாங்குறேன். ஐம்பது, நூறு அதிகமானாலும் பரவாயில்லன்னுதான் வாங்குறேன். ஆனா உண்மையிலேயே அதனால யாருக்காவது வேலை கிடைக்குதா? இல்ல, நானா மனசைத் தேத்திக்கிறேனா?"

நல்ல கேள்வி. இதுக்குப் பொதுவா பதில் சொல்ல ஆரம்பிச்சா ஆமான்னும் சொல்லலாம், இல்லைன்னும் சொல்லலாம், ஒரு மணி நேரம் ஓட்டிடலாம். அதனால ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு நூறு வருஷம் பின்னாடி போய் வரப்போறோம். வீட்டுல பூஜை அலமாரியில கிடக்குமே, அந்தத் தீப்பெட்டி.

வரி போட்டா யார் வருவாங்க?

முதல் உலகப் போர் சமயத்துல இந்தியாவுல எரிஞ்ச தீக்குச்சி பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. முதல்ல ஸ்வீடன், போர் வந்ததும் ஜப்பான். உள்ளூர்ல செய்யப் பார்த்தவங்க உண்டு, ஆனா தாக்குப்பிடிச்சவங்க கம்மி. அப்போ 1922ல பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. குரோஸுன்னா 144 பெட்டி. இந்தத் தொழில்ல இன்னைக்கும் குரோஸ் கணக்கு பேசுறவங்க இருக்காங்க.

கவனிங்க, சுதேசி உணர்ச்சியில போட்ட வரி இல்ல அது. போருக்கு அப்புறம் கஜானா காலி, வருமானத்துக்காகப் போட்டாங்க. ஆனா விளைவு என்னாச்சுன்னா, வெளியில இருந்து வர்ற பெட்டி திடீர்னு விலை ஏறிப்போச்சு. உள்ளூர்ல செஞ்சா லாபம் நிக்கும்னு கணக்குத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் புரிஞ்சுபோச்சு.

ரெண்டு தரப்புக்கு அது நல்லாவே புரிஞ்சது. ஒண்ணு, சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர். 1922ல கல்கத்தா போய், அங்கேயே தங்கித் தொழிலைக் கத்துக்கிட்டு, அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பினாங்க. ஆரம்பத்துல ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைச்சாங்க. கொஞ்ச காலத்துலேயே, மழை இல்லாத அந்தக் கரிசல் பூமியில, இயந்திரத்தைவிட ஆளுங்க கை மலிவுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க.

இன்னொரு தரப்பு ஸ்வீடிஷ் மேட்ச். உலகத் தீப்பெட்டி வியாபாரத்தையே கையில வச்சிருந்த கம்பெனி. ஈவார் க்ரூகர்னு ஒரு ஆள், 'தீப்பெட்டி ராஜா'ன்னே பேரு. பல நாட்டு அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டுத் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கிக்குவார். (1932ல பாரிஸ்ல துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்துக் கிடந்தார். அதுக்கப்புறம் அவர் கணக்குப் புத்தகத்துல பாதி பொய்னு தெரிய வந்தது. அது தனி எபிசோடுக்கான கதை.) வரிச் சுவர் எழும்பினதும் அவங்க என்ன செஞ்சாங்க? சுவருக்கு வெளியில நின்னு புலம்பல. உள்ள வந்து ஃபேக்டரி கட்டினாங்க. 1923ல விம்கோ தொடங்குச்சு. பம்பாய் பக்கம் அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, அசாம்ல துப்ரி, நம்ம திருவொற்றியூர்.

ஆக, ஒரே வரி. அதுக்குள்ள பிறந்தது ரெண்டு குழந்தை. ஒண்ணு சிவகாசி. இன்னொண்ணு விம்கோ நகர்.

இப்போ வாய்ஸ் நோட் அனுப்பினவங்ககிட்ட நான் கேட்கிறேன். 1930ல நீங்க மெட்ராஸ்ல ஒரு பெட்டிக்கடையில நிக்கிறீங்க. விம்கோ பெட்டி உள்நாட்டுப் பொருளா, வெளிநாட்டுப் பொருளா? செய்யறது திருவொற்றியூர்ல. வேலை பார்க்கிறது நம்ம ஆளுங்க. லாபம் போறது ஸ்டாக்ஹோமுக்கு. இந்தக் குழப்பம் அன்னைக்கே இருந்தது. 1928ல தீப்பெட்டித் தொழிலை விசாரிச்ச டாரிஃப் போர்டு முன்னாடி இந்த ஸ்வீடன் கம்பெனி பத்தின புகாரும் வந்தது. போனைத் திருப்பிப் பார்த்தா 'மேட் இன் இந்தியா'ன்னு இருக்கும், பிராண்ட் வேற நாட்டோடதா இருக்கும் இல்லையா, அதே கதைதான். 2005ல ஐடிசி விம்கோவை வாங்கின பிறகுதான் அது இந்தியக் கம்பெனி கைக்கு வந்தது.

தீப்பெட்டி ஆபீஸ்

சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் யாரும் தீப்பெட்டி ஃபேக்டரின்னு சொல்ல மாட்டாங்க. தீப்பெட்டி ஆபீஸ். "ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்"னு சொன்னா குச்சி அடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். எங்க பெரியம்மா அப்படித்தான் சொல்வாங்க. சின்ன வயசுல லீவுக்குப் போகும்போது, பெரியம்மா ஏதோ கம்ப்யூட்டர் வச்ச ஆபீஸுக்குப் போறாங்கன்னு நான் நினைச்சிருக்கேன். சாயந்திரம் திரும்பி வந்ததும் விரலை முகர்ந்து பார்த்தா ஒரு மருந்து வாசனை இருக்கும்.

அவங்க சொல்லித்தான் எனக்கு வேலை தெரியும். மெல்லிசா சீவின குச்சியைச் சட்டத்துல வரிசையா அடுக்கணும். ஒண்ணோடொண்ணு ஒட்டக்கூடாது. அதை மெழுகுல முக்கி, அப்புறம் மருந்துல முக்கி, காய வைப்பாங்க. பெட்டியோட பக்கவாட்டுல தடவற மருந்து வேற. குச்சித் தலையில பொட்டாசியம் குளோரேட், பெட்டியில சிவப்புப் பாஸ்பரஸ். ரெண்டும் தனித்தனியா இருக்கறதாலதான் பையில போட்டாலும் பத்திக்காம இருக்கு. கூலி நாள் கணக்கு இல்ல, எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை சட்டம் அடுக்கினே, எத்தனை குரோஸ் ஒட்டினே, அதுக்குக் காசு.

இவ்வளவு பெரிய ஸ்வீடிஷ் கம்பெனி இயந்திரத்தோட எதிர்ல நிக்கும்போது, கையால செய்யற இந்தத் தொழில் எப்படிப் பிழைச்சது? 'நம்ம ஊர்ப் பொருள்'னு ஜனங்க தேடி வாங்கினதாலன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா அது காரணம் இல்ல. 1934ல தீப்பெட்டிக்கு உற்பத்தித் தீர்வை வந்தது. பின்னாடி அந்தத் தீர்வை ஃபேக்டரி அளவுக்கு ஏத்த மாதிரி பிரிஞ்சது. பெரிய இயந்திர ஃபேக்டரிக்கு அதிகம், சின்ன கைவேலை யூனிட்டுக்குக் குறைவு. அதோட, சிறுதொழிலுக்கு மட்டும்னு அரசாங்கம் ஒதுக்கி வச்ச பொருள் பட்டியல்லயும் தீப்பெட்டி இருந்தது. அந்தப் பட்டியல்ல மிச்சமிருந்த கடைசி 20 பொருளை 2015ல எடுத்தாங்க, அதுல தீப்பெட்டியும் ஒண்ணு.

அதாவது கடையில நீங்களும் நானும் எடுத்த முடிவைவிட, டெல்லியில ஒரு அட்டவணையில எழுதின தீர்வை விகிதம்தான் இந்தத் தொழிலைக் காப்பாத்திச்சு.

காப்பாத்தின விதத்துல ஒரு சிக்கலும் இருந்தது. சின்னதா இருந்தா வரி கம்மின்னா யார் பெரிசாகப் பார்ப்பாங்க? பெரிசா வளர்ந்தவங்ககூட நாலு பேர்ல நாலு சின்ன யூனிட்டாக் காட்டினாங்க. இயந்திரம் போட்டா வரி ஏறும்னா யார் இயந்திரம் போடுவாங்க? ஆள் கூலி குறைவா இருக்கிற வரைக்கும்தான் கணக்கு ஓடும். அந்தக் கூலி குறைவா இருந்ததுக்கு ஒரு பெரிய காரணம் குழந்தைகள். விடியறதுக்கு முன்னாடி ஊர் ஊரா வந்து பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போன ஆபீஸ் பஸ்ஸைப் பத்தி அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. எழுத்தாளர் பூமணி எடுத்த 'கருவேலம்பூக்கள்' படம் இதைப் பத்தினதுதான், தேடிப் பாருங்க. 1996ல எம்.சி. மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வச்சா முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டணும்னு சொல்லிச்சு. அந்த வழக்கு ஆரம்பிச்சதே சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸை வச்சுத்தான்.

இதைச் சொல்லாம 'உள்நாட்டுப் பொருள் வாங்குங்க'ன்னு மட்டும் பேசுறது எனக்குச் சரியாப் படல. உள்நாட்டுல செஞ்சதுன்னா நல்லபடியா செஞ்சதுன்னு தானா ஆயிடாது. நிலைமை மாறினது சட்டத்தாலயும், பள்ளிக்கூடத்தாலயும், இயந்திரம் வந்ததாலயும். இன்னைக்கு நிறைய யூனிட்டுல குச்சி அடுக்கறதும் பெட்டி நிரப்பறதும் இயந்திரம்தான் செய்யுது.

ஒத்தை ரூபாயில மாட்டிக்கிட்ட விலை

2007ல ஒரு தீப்பெட்டி 50 பைசாவுல இருந்து 1 ரூபாய் ஆச்சு. அடுத்து எப்போ ஏறிச்சு தெரியுமா? 2021 டிசம்பர் 1. பதினாலு வருஷம் ஒரே விலை. அந்தப் பதினாலு வருஷத்துல டீ விலை எத்தனை தடவை ஏறியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஏன் ஏத்த முடியல? ஒண்ணே கால் ரூபாய்னு வைக்க முடியாது. 25 பைசா நாணயம் செல்லாது, 50 பைசா செல்லும்னாலும் கடைக்காரர் வாங்க மாட்டார். அடுத்த படி நேரா 2 ரூபாய்தான். ஒரே நாள்ல நூறு சதவீத ஏற்றம். யார் முதல்ல ஏத்தறாங்களோ அவங்க சரக்கு கடையிலேயே தங்கிடும். கடைசியில 2021 அக்டோபர்ல அஞ்சு சங்கங்கள் சிவகாசியில ஒண்ணா உட்கார்ந்து பேசித்தான் ஏத்தினாங்க. அதுக்குள்ள மூலப்பொருள் விலை எங்கேயோ போயிருச்சு. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாய்ல இருந்து 810, மெழுகு 58ல இருந்து 80, அட்டையும் அதே மாதிரி.

அந்த சமயத்துல செய்திகள்ல வந்த இன்னொரு கணக்குதான் எனக்கு முக்கியமாப் பட்டது. 600 பெட்டி கொண்ட ஒரு பண்டலை உற்பத்தியாளர் வித்தது 270லருந்து 300 ரூபாய்க்கு. போட்டுப் பாருங்க, ஒரு பெட்டிக்கு 45, 50 பைசா. கடையில நாம கொடுத்தது ஒரு ரூபாய். விலை ஏத்தின பிறகு பண்டல் 430லருந்து 480, வரியும் லாரி வாடகையும் தனி. பெட்டிக்கு 72லருந்து 80 பைசா. நாம கொடுக்கறது 2 ரூபாய். நம்ம பாக்கெட்ல இருந்து கூடுதலாப் போனது ஒரு ரூபாய். கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது அதுல முப்பது பைசா சுமார். மிச்சம் வழியில வரி, வண்டி, மொத்த வியாபாரம், கடைன்னு கரைஞ்சு போகுது.

அந்தப் பாஸ்பரஸுக்கு நாம இறக்குமதியை நம்பித்தான் இருக்கோம். மெழுகு பெட்ரோலியத்துல இருந்து வருது, கச்சா எண்ணெய் பெரும்பாலும் வெளியில இருந்து. குச்சிக்கு மரம் கேரளாவில இருந்தும் வருது. இவ்வளவு 'நம்ம ஊர்' பொருள்லயே வெளியூர், வெளிநாடு இவ்வளவு கலந்திருக்கு.

லைட்டர் வந்த கதை

சீனாவில ஹுனான் மாகாணத்துல சாவ்தோங்னு ஒரு ஊர். உலகத்துல புழங்கற மலிவு லைட்டர்ல பெரும் பங்கு அங்க இருந்து வருது. அங்கேயும் விலை மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு லைட்டர் ஒரு யுவான்னு இருபது வருஷமா விக்குது. ஆனா அவங்க அந்த விலையில நிக்கிற விதம் வேற. ஒரு லைட்டருக்குள்ள முப்பது பாகம் வரைக்கும் இருக்கும். சக்கரம், ஸ்பிரிங், வால்வு, கல், உடம்பு. அந்தப் பாகமெல்லாம் செய்யற ஃபேக்டரிகள் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. கூலி ஏற ஏற, கையால செஞ்ச ஒவ்வொரு கட்டத்தையும் இயந்திரத்துக்கு மாத்திக்கிட்டே வந்தாங்க. பிளாஸ்டிக் கனத்தைக்கூடத் துளித் துளியாக் குறைச்சாங்க.

பார்த்தா நம்ம கோவில்பட்டி மாதிரிதான் அதுவும். ஒரே தொழில் பண்ற ஊர். விலையை ஏத்த முடியாத ஊர். வித்தியாசம் என்னன்னா, ஒரு ஊருக்குக் கூலி ஏறினதும் இயந்திரத்துக்குப் போகத் தூண்டுதல் இருந்தது. இன்னொரு ஊருக்குப் பல வருஷம், இயந்திரம் போட்டா அபராதம் மாதிரி வரி இருந்தது.

2022 செப்டம்பர்ல முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து ரூபாய் லைட்டர் ஒண்ணு இருபது தீப்பெட்டியோட இடத்தைப் பிடிச்சுக்குது, ஒரு லட்சம் பேருக்கு மேல, அதுலயும் பெரும்பாலும் பெண்கள், இந்தத் தொழிலை நம்பியிருக்காங்க, அதனால இந்த லைட்டரைத் தடை பண்ணுங்கன்னு.

2023 ஜூன் 29ஆம் தேதி தடை வந்தது. ஆனா எல்லா லைட்டருக்கும் இல்ல. 'சிஐஎஃப்' மதிப்பு 20 ரூபாய்க்குக் கீழ இருக்கிற சிகரெட் லைட்டருக்கு மட்டும். சிஐஎஃப்னா பொருள் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூணும் சேர்த்து நம்ம துறைமுகத்துக்கு வந்து சேர்ற விலை. கடையிலயே பத்து ரூபாய்க்கு விக்கிற பொருள் துறைமுகத்துல 20 ரூபாய் இருக்க வாய்ப்பே இல்ல இல்லையா, அதனால மலிவு லைட்டர் எல்லாம் தானா அடிபட்டுப்போகும்னு கணக்கு. அடுத்த மாசமே, லைட்டருக்குத் தர முத்திரை கட்டாயம்னு இன்னொரு ஆணை.

கணக்கு காகிதத்துல நல்லா இருந்தது. ஆனா முழு லைட்டர்தானே தடை? பாகம் பாகமாக் கொண்டுவந்து இங்க வச்சு மாட்டினா? அப்படித்தான் வந்தது. அதைத் தடுக்க 2024 அக்டோபர்ல லைட்டர் பாகங்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு போட்டாங்க. இடையில கள்ளத்தனமா வந்த சரக்கு துறைமுகத்துல பிடிபட்ட செய்திகளும் வந்துக்கிட்டே இருந்தது.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். வெளிநாட்டுப் பாகத்தை இங்க கொண்டுவந்து மாட்டி, 'மேட் இன் இந்தியா'ன்னு அச்சடிச்ச லைட்டர். கன்ட்ரி ஆஃப் ஆரிஜின் மட்டும் பார்த்து வாங்குற ஒருத்தர் அதை நிம்மதியா வாங்கிட்டுப் போயிடுவார். நம்ம லிசனர் மேல தப்பே இல்ல. அந்த லேபிள் எங்க கடைசியா மாட்டினாங்கன்னு சொல்லும். காசு எங்க போய்த் தங்குதுன்னு சொல்லாது.

சரி, லைட்டர் மட்டும்தான் எதிரியா?

இல்ல. இதைச் சொன்னா கோவில்பட்டிப் பக்கம் சில பேருக்குக் கோபம் வரும், ஆனா சொல்லியாகணும். உங்க வீட்டு அடுப்பை எதால பத்த வைக்கிறீங்க? அந்த நீளமான ஸ்டீல் லைட்டர், டக்குன்னு பொறி விடுமே. அதுல நிறைய இந்தியாவுல செஞ்சதுதான். அதுவும் தீப்பெட்டியைத்தான் தின்னுது. ஆட்டோ இக்னிஷன் அடுப்பு வந்துடுச்சு. மண்ணெண்ணெய் ஸ்டவ் போயிருச்சு. கரன்ட் போனா போன் டார்ச். தீக்குச்சிக்கு மிச்சம் இருக்கிறது விளக்கு, ஊதுபத்தி, மெழுகுவத்தி, கொஞ்சம் சிகரெட். துறைமுகத்தை முழுசா மூடினாலும் இந்தச் சரிவு நிக்காது.

அப்போ தடை வீணான்னு கேட்டா, அப்படியும் எனக்குத் தோணல. ஒரு தொழில் இருபது வருஷத்துல மெதுவா சுருங்கறதும், மூணு வருஷத்துல படுத்துடறதும் ஒண்ணு இல்ல. மெதுவாச் சுருங்கினா குச்சி அடுக்கற அம்மா ரிட்டயர் ஆவாங்க, பொண்ணு வேற வேலைக்குப் போயிருப்பா. திடீர்னு படுத்தா ஐம்பது வயசுல அந்த அம்மா எங்க போவாங்க? மழையை நம்பின நிலத்துல, பஸ் போற தூரத்துல வேற வேலை இல்லாத ஊர்ல? தடை வாங்கித் தர்றது கால அவகாசம். அந்த அவகாசத்துல என்ன நடக்குதுன்னுதான் நாம கேட்கணும். இயந்திரத்துக்குக் கடன் கிடைக்குதா, வேற தொழில் அந்தப் பக்கம் வருதா, பெட்டிக்குக் கிடைக்கிற 80 பைசா கொஞ்சமாவது ஏறுதா? இதுல பாதிக்கு மேல நடக்கலைங்கறது என் அபிப்பிராயம். தடை கேட்கிறதுல இருக்கிற சுறுசுறுப்பு, அதுக்கு அப்புறம் என்னங்கறதுல எந்தக் கட்சிக்கும் இல்ல.

தடைக்கு விலையும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். இருபது பெட்டி தீப்பெட்டி இன்னைக்கு 40 ரூபாய். லைட்டர் 10 ரூபாய். லைட்டர் கிடைக்காம பண்ணினா வாங்கறவங்க 30 ரூபாய் அதிகம் கொடுக்கிறாங்க. அந்த 40 ரூபாயில உற்பத்தியாளருக்குப் போறது 16 ரூபாய் வரைக்கும்தான். எனக்கும் உங்களுக்கும் 30 ரூபாய் பெரிசு இல்ல. தள்ளுவண்டிக்காரருக்கு வேற மாதிரி. அதே சமயம், தூக்கிப் போட்ட லைட்டர் மண்ணுல கிடக்கிறதை அந்த 10 ரூபாய் கணக்குல யாரும் சேர்க்கறதில்ல.

இந்த இடத்துல அதே மாவட்டத்துக்காரர் ஒருத்தர் ஞாபகம் வராம இருக்காது. வ.உ.சி. 1906ல தூத்துக்குடியில சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்போ, வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில சும்மாவே ஏத்திக்கிட்டுப் போறோம், குடையும் தர்றோம்னு சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். அந்தச் சமயத்துல குடையை வேண்டாம்னு சொல்லி சுதேசிக் கப்பல்ல ஏறினவங்க நிறைய பேர். ஆனா எதிர்த்தரப்புக்கிட்ட அரசாங்கமும், நஷ்டம் தாங்கற பணமும் இருந்தது. 1908ல வ.உ.சி.யை ஜெயில்ல போட்டாங்க, கம்பெனி நிக்கல. வாங்கறவங்க மனசு சரியா இருந்தும் தோத்த கதை அது. சிவகாசிக் கைத்தொழில், வாங்கறவங்க அதிகம் யோசிக்காமலேயே வரி அட்டவணையால பிழைச்ச கதை.

நாமளே வெளிநாட்டுச் சரக்காகும்போது

இன்னொரு பக்கத்தையும் பார்த்துட்டு முடிச்சிடலாம். சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டி உள்நாட்டுல மட்டும் விக்கல. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் மத்தியக் கிழக்குக்கும் கப்பல்ல போகுது. அங்க ஏதோ ஒரு ஊர் பெட்டிக்கடையில நம்ம பெட்டிதான் மலிவான வெளிநாட்டுச் சரக்கு. அங்கேயும் ஒருத்தர் கன்ட்ரி ஆஃப் ஆரிஜின் பார்த்து, இந்தியான்னு இருந்தா வைச்சுட்டுப் போகலாம். அவங்க அரசாங்கமும் ஒரு நாள் துறைமுகத்துல ஒரு எண்ணை எழுதி, அதுக்குக் கீழ வந்தா தடைன்னு சொல்லலாம். அப்படி ஒரு செய்தி வந்தா சாத்தூர்ல எத்தனை ஆபீஸ் ஷிஃப்டைக் குறைக்கும்?

ஆக, வாய்ஸ் நோட்டுக்கு என் பதில். நீங்க அதிகமாக் கொடுக்கற ஐம்பது ரூபாய் வீண் இல்ல, ஆனா அதோட பலம் ரொம்பக் கம்மி. லேபிளைப் பார்க்கறதோட, முடிஞ்சா இன்னொரு கேள்வியும் கேளுங்க. இதுல எவ்வளவு வேலை இங்க நடந்திருக்கு, வெறும் மாட்டறது மட்டுமா? தீப்பெட்டியில மருந்துக் கலவையில இருந்து பெட்டி ஒட்டறது வரைக்கும் இங்க. மாட்டின லைட்டர்ல நாலு ஸ்க்ரூ வேலை இங்க. ரெண்டும் ஒரே லேபிள். நேரம் இருந்தா, பட்ஜெட் அன்னைக்கு இன்கம் டாக்ஸ் ஸ்லாப் பார்க்கிற மாதிரி, எந்தப் பொருளுக்கு எவ்வளவு சுங்கவரி மாறுதுன்னும் ஒரு கண் வைங்க. போரடிக்கும்தான். ஆனா மெட்ரோ ஸ்டேஷன் பேர் வரைக்கும் தீர்மானிச்சது அந்த மாதிரி ஒரு வரிதான்.

பெரியம்மாகிட்ட இந்த எபிசோடுக்காகப் போன்ல பேசினேன். இப்போ வேலைக்குப் போறதில்ல. "வீட்டுல விளக்குக்கு எதை வச்சுப் பத்த வைக்கிறீங்க பெரியம்மா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "உங்க அண்ணன் வாங்கிட்டு வந்த லைட்டர்தாண்டா இருக்கு. ஆனா சாமி விளக்குக்குக் குச்சிதான்."

உங்க வீட்டுலயும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவங்க யாராவது இருந்தா, அவங்க குரலையே பதிவு பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோடு ஆரம்பத்துல போடுறோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.